100 பிரேமில் 88 இடைச்செருகல்: ஒரு நகரும் வரைபடம் குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கலை அறிவியல் கல்லூரியின் புள்ளியியல் துறையில் நடந்தது இது. ஜூன் 29 இந்தியப் புள்ளியியலாளர் பி.சி. மகலனோபிஸ் பிறந்த நாள். 2007 முதல் இந்தியாவில் அதைப் புள்ளியியல் நாளாகக் கொண்டாடுகிறோம். எங்கள் துறை அந்த நாளையொட்டி இரண்டு நாள் கண்காட்சி வைக்கும். பள்ளிப் பிள்ளைகள், பிற துறை ஆசிரியர்கள், பக்கத்துத் தெருக்காரர்கள் என்று எல்லோரும் வந்து பார்ப்பார்கள். அந்த ஆண்டு கண்காட்சிக்கு முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவரும் மாணவர் ஒருவரும் பொறுப்பு. மேற்பார்வை என்னுடையது. கீழே வரும் பிழைகளில் பெரியதை நான் என் கண்ணால் பார்த்தும் விட்டுவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வாசல் தொலைக்காட்சியில் ஒரு நகரும் குமிழி வரைபடம் ஓட வேண்டும் என்பது மாணவர்களின் ஆசை. ஸ்வீடன் மருத்துவர் ஹான்ஸ் ரோஸ்லிங் 2006 டெட் உரையில் காட்டினாரே, அந்த மாதிரி. கிடை அச்சில் தனிநபர் உள்நாட்டு உற்பத்தி, நெடு அச்சில் சராசரி ஆயுட்காலம், நாட்டுக்கு ஒரு குமிழி, மக்கள்தொகைக்கு ஏற்றபடி குமிழியின் அளவு. துறையில் இதற்கு ஒரு பழைய நிரல் இருந்தது. முன்பு படித்த யாரோ புள்ளியியல் கணக்குகளுக்கான ஆர் மென்பொருளில் கூகுள்விஸ் தொகுப்பை வைத்துச் செய்தது. அந்த வகை வரைபடம், உலாவியில் அசைபடம் ஓட்டும் ஃபிளாஷ் மென்பொருளை நம்பி இருந்தது. 2020 டிசம்பர் இறுதியோடு ஃபிளாஷுக்கான ஆதரவு நின்றுபோனதால் பழைய நிரல் இனி உதவாது. புதிதாகத்தான் செய்ய வேண்டும்.

தரவுக்கு ஆர் மென்பொருளில் கிடைக்கும் கேப்மைண்டர் தொகுப்பை எடுத்தோம். 142 நாடுகள், 1952 முதல் 2007 வரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை என 12 ஆண்டுகள், மொத்தம் 1704 வரிசைகள். விடுபட்ட கட்டம் எதுவும் இல்லை, ஆய்வகத்தில் இணையம் இல்லாவிட்டாலும் வேலை ஓடும். 'ஐந்தாண்டுக்கு ஒருமுறை' என்பதை அப்போது ஒரு விவரமாக மட்டும் வாசித்துவிட்டுக் கடந்துபோனோம்.

முதல் வாரம்

முதலில் வந்தவை வழக்கமான தொல்லைகள். இணையத்தில் கிடைத்த மாதிரி நிரல், ஆரில் வரைபடத்தை நகரவைக்கும் தொகுப்பான ஜிஜிஅனிமேட்டின் பழைய பதிப்புக்கு எழுதப்பட்டது. டேவிட் ராபின்சன் 2016-இல் தொடங்கிய அந்தத் தொகுப்பை தாமஸ் லின் பெடர்சன் பிறகு அடியோடு மாற்றி எழுதினார். பழைய நிரலைப் புதிய பதிப்பில் ஓட்டினால் பிழைச் செய்திதான் வரும். சரி, நிரலைப் புதிய முறைக்கு மாற்றினார்கள். அடுத்து, படங்களைச் சேர்த்து அசைபடமாக்கும் ஜிஃப்ஸ்கி நிறுவப்படாத கணினியில் அசைபடமே வரவில்லை, தனித்தனிப் படக் கோப்புகளாக நூறு வந்து விழுந்தன. அன்று எரிச்சலாக இருந்த அந்த நூறு கோப்புகள் பிற்பாடு எங்களைக் காப்பாற்றின.

தமிழ் எழுத்துகள் இன்னும் படுத்தின. நாடுகளின் பெயர்களைத் தமிழில் போட்டே ஆக வேண்டும் என்பதில் மாணவி பிடிவாதமாக இருந்தார். எக்செலில் தட்டச்சு செய்து சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்ததும் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிட்டன. யுடிஎஃப்-8 சிஎஸ்வியாகச் சேமித்ததும் அது சரியானது. அப்புறம் படத்தில் 'கம்போடியா'வின் கொம்பு பகரத்துக்குப் பின்னால் போய் நின்றது, 'இலங்கை'யின் ஐகாரமும் அப்படியே. ஆர் வழக்கமாகப் பயன்படுத்தும் வரைகருவி எழுத்துகளை நினைவகத்தில் இருக்கும் வரிசையிலேயே அடுக்கியதுதான் காரணம். இந்திய எழுத்துகளுக்கு வேண்டிய இடமாற்றத்தை அது செய்யவில்லை. ராக் என்ற வரைகருவி அதைச் செய்கிறது. அசைவூட்டும் கட்டளையில் அதைக் குறிப்பிட்டதும் கொம்புகள் தத்தம் இடத்துக்கு வந்தன. தமிழில் வரைபடம் போட நினைப்பவர்கள் இந்த ஒன்றை முதலிலேயே செய்துவிடலாம், எங்களுக்கு இரண்டு நாள் போயிற்று.

இந்த வேலையில் ஒரு பக்க விளைவும் இருந்தது. தமிழ்ப் பெயர்கள் சேர்த்த கோப்பைத் திரும்ப, கோப்பு வாசிக்கும் ரீடர் தொகுப்பு வழியாக வாசித்தார்கள். மூலத்தொகுப்பில் முழு எண்ணாக இருந்த ஆண்டு, இப்போது தசம எண் வகையாக உள்ளே வந்தது. அப்போது யாரும் அதைக் கவனிக்கவில்லை.

ஜப்பான் இந்தோனேசியாவாக மாறியது

பெரிய குமிழிகள் சிறியவற்றை மறைத்தன. மக்கள்தொகை இறங்குவரிசையில் தரவை அடுக்கினால் பெரியவை முதலில் வரையப்பட்டு, சிறியவை மேலே வரும். மாணவர் அப்படியே செய்தார். ஓடவிட்டுப் பார்த்தபோது 1957-க்கும் 1962-க்கும் நடுவில் ஆசியாவின் ஒரு குமிழி சரசரவென்று கீழிறங்க, இன்னொன்று எதிரே மேலேறியது. "இது எந்த நாடு?" என்று கேட்டேன். நிறம் கண்டத்துக்கு மட்டும்தான் என்பதால் யாருக்கும் தெரியவில்லை. ஆசிய நாடுகளுக்கு மட்டும் பெயர் போட்டு மறுபடி ஓட்டினோம். ஜப்பான் என்ற பெயரோடு இறங்கத் தொடங்கிய குமிழி பாதி வழியில் இந்தோனேசியா என்று பெயரை மாற்றிக்கொண்டது.

காரணம் எளிதுதான். ஒரு பிரேமில், அதாவது அசைபடத்தின் ஒரு தனிப் படத்தில், இருக்கும் புள்ளி அடுத்த பிரேமில் எந்தப் புள்ளியாக வரும் என்பதை ஜிஜிஅனிமேட் குழு என்ற பண்பை வைத்து முடிவு செய்கிறது. நாங்கள் குழுவைச் சொல்லவில்லை, அதனால் நிறத்துக்குக் கொடுத்த கண்டமே குழுவாகிவிட்டது. கண்டத்துக்குள் வரிசை எண்தான் அடையாளம். 1957-இல் ஆசியாவில் மக்கள்தொகையில் மூன்றாவது ஜப்பான், 9.16 கோடி. நான்காவது இந்தோனேசியா, 9.01 கோடி. 1962-இல் இந்தோனேசியா 9.90 கோடியைத் தொட்டு 9.58 கோடி ஜப்பானை முந்தியது. மூன்றாம் வரிசைக் குமிழி ஜப்பானின் இடத்திலிருந்து இந்தோனேசியாவின் இடத்துக்குப் போகும் என்று மென்பொருள் எடுத்துக்கொண்டது. நாடுதான் குழு என்று ஒரு சொல் சேர்த்ததும் தீர்ந்தது.

பன்னிரண்டு ஆண்டுகளையும் தனித்தனிப் படங்களாகப் பார்த்திருந்தால் இந்தப் பிழை அகப்பட்டிருக்காது. ஒவ்வொரு படத்திலும் குமிழிகள் சரியான இடத்தில்தான் இருந்தன. தவறு முழுக்க நகர்வில் இருந்தது. இதை அன்றே இன்னும் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும்.

தசமப் புள்ளி

இப்போது என் தவறு. தலைப்பில் ஆண்டு ஓட வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். ஓடவும் செய்தது, ஆனால் 1952-க்குப் பிறகு 1952.55555555556, சற்று நேரத்தில் 1954.77777777778 என்று. பார்க்க அசிங்கமாக இருந்தது. "ரவுண்டு பண்ணிடலாமா மேடம்?" என்று மாணவர் கேட்டார். "பண்ணிடுங்க" என்றேன். தலைப்பு 1952, 1953, 1954 என்று அழகாக ஓட ஆரம்பித்தது.

கோப்பில் 1953 என்ற ஆண்டு இல்லை. 1954-உம் இல்லை. அந்த நீண்ட தசமம், 'இந்த இடத்தில் என்னிடம் தரவு இல்லை' என்று மென்பொருள் சொன்ன ஒரே சொல். அதை முகப்பரு போல எண்ணி மேலே பவுடர் பூசிவிட்டோம். புள்ளியியல் கற்பிக்கும் எனக்கு அந்த எண்ணைப் பார்த்ததும் கேள்வி எழுந்திருக்க வேண்டும், எழவில்லை. படம் நன்றாக வந்துவிட்ட மகிழ்ச்சியில் இருந்தேன்.

ஒத்திகையில் வந்த கேள்வி

ஜூன் 28 மாலை ஒத்திகை. ஆறு நாடுகளுக்குப் பெயர் போட்டிருந்தோம். இந்தியா, இலங்கை, சீனா, ஜப்பான், கம்போடியா, ருவாண்டா. ருவாண்டாவைச் சேர்க்கக் காரணம், மொத்தத் தரவிலும் மிகக் குறைந்த ஆயுட்காலம் அந்த நாட்டுடையது: 1992-இல் 23.6 ஆண்டுகள். அந்தக் குமிழி எல்லாவற்றையும் விட்டுப் பிரிந்து தரைவரை இறங்கி மேலே வருவது பார்க்கிறவர்களைப் பிடித்து நிறுத்தும் என்று நினைத்தோம்.

வழியே போன ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர் உள்ளே வந்து நின்று பார்த்தார். இரண்டு சுற்று ஓடியது. அப்புறம் மாணவியிடம், "ஏம்மா, ருவாண்டா படுகொலை எந்த வருஷம்?" என்றார்.

"1994 சார்."

"உன் படத்துல 94-ல அந்தக் குமிழி மேல ஏறுதே?"

மறுபடி ஓட்டினோம். 1988-இலேயே குமிழி சரசரவென்று இறங்கத் தொடங்கியது. 1992-இல் அடியைத் தொட்டது. தலைப்பில் 1994 என்று வந்தபோது அமைதியாக ஏறிக்கொண்டிருந்தது. 1994 ஏப்ரல் தொடங்கி ஏறத்தாழ நூறு நாளில் லட்சக்கணக்கானோர் கொல்லப்பட்ட ஆண்டை, அந்த நாடு தேறிவரும் ஆண்டாக எங்கள் திரை காட்டியது. அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

கணக்கைப் பிரித்துப் பார்த்தது

அன்றிரவு அசைபடத்தை மறுபடி நூறு தனிப் படக் கோப்புகளாக வெளியே எடுத்தோம். ஜிஜிஅனிமேட் எதுவும் சொல்லாவிட்டால் 100 பிரேம் வரையும், நொடிக்கு 10 வீதம் ஓட்டும். நாங்கள் எதுவும் சொல்லியிருக்கவில்லை. 1952-இலிருந்து 2007 வரை 55 ஆண்டுகள், 100 பிரேமுக்கு 99 இடைவெளிகள். ஐந்தாண்டுக்குச் சரியாக 9 இடைவெளி. ஆக 1, 10, 19 என்று ஒன்பது ஒன்பதாகத் தள்ளிவரும் 12 பிரேம்கள் மட்டுமே கோப்பில் உள்ள எண்களால் ஆனவை. மீதி 88-ஐயும் மென்பொருள் நேர்கோட்டில் நிரப்பியிருக்கிறது.

ருவாண்டாவின் எண்கள் கோப்பில் இவை: 1987-இல் 44.0, 1992-இல் 23.6, 1997-இல் 36.1. 1992 வருவது 73-ஆவது பிரேமில். நாங்கள் முழுமையாக்கிய தலைப்பு 1994 என்று சொன்னது 76, 77-ஆவது பிரேம்களில், அங்கே குமிழி நின்ற உயரம் 27.8, 29.1. இந்த இரண்டு எண்ணும் எந்த அட்டவணையிலும் இல்லை.

சரி, 1992-இல் ஏன் 23.6? இந்த வகை ஆயுட்கால மதிப்பீடுகளுக்கு அடிப்படையான ஐ.நா. மக்கள்தொகைக் கணிப்புகள் நெடுங்காலம் ஐந்தாண்டுக் காலப்பகுதிகளாகவே வெளிவந்தன. 1990 முதல் 1995 வரைக்கும் ஒரே மதிப்பு. அதை நடு ஆண்டில் குறித்தால் 1992 என்று விழும். 1994-இன் சாவுகள் 1992-இன் எண்ணுக்குள் அடங்கியிருக்கின்றன. தனியே நிற்கும் ஒரு புள்ளியாக அது நியாயமான சுருக்கம்தான். அதிலிருந்து இரண்டு பக்கமும் கோடு இழுத்து ஆண்டுவாரியாக ஓடவிட்டதும் வரலாறு தலைகீழாகிவிட்டது.

மற்ற பெயர்களையும் பார்த்தோம். சீனாவின் ஆயுட்காலம் 1957-இல் 50.5, 1962-இல் 44.5. பெரும் பஞ்சம் 1959 முதல் 1961 வரை. திரையில் சீனா 1957-இலிருந்தே சீராக இறங்கி 1962-இல் அடியைத் தொட்டது. கம்போடியா 1972-இல் 40.3, 1977-இல் 31.2. பெரும் படுகொலைகள் செய்த கெமர் ரூஜ் இயக்கம் ஆட்சியைப் பிடித்தது 1975 ஏப்ரலில். திரையில் 40.3-இலிருந்து 31.2-க்கான சரிவு அதற்கு மூன்றாண்டு முன்பே தொடங்கியது. சீராக வளர்ந்த நாடுகளில் இந்த நிரப்பல் பெரிதாகக் கெடுக்கவில்லை. இந்தியா 37.4-இலிருந்து 64.7-க்குப் போன பாதை நேர்கோடுகளாலும் ஏறக்குறைய சரியாகவே தெரிந்தது. எங்கே திடீரென்று ஏதோ நடந்ததோ, பார்வையாளர் எந்த இடத்தை உற்றுப் பார்ப்பாரோ, அங்கேதான் பொய் பெரிதாக இருந்தது.

இப்படி இரண்டு அளவீடுகளுக்கு நடுவே எண் நிரப்புவதைத் தமிழ்ப் பாடநூல்கள் இடைச்செருகல் என்கின்றன. பழைய இலக்கியங்களில் பிற்காலத்தார் நுழைத்த பாடல்களுக்கும் அதே பெயர்தான். கம்பராமாயணப் பதிப்பாசிரியர்கள் அப்படிப்பட்டவற்றை மிகைப் பாடல்கள் என்று தனியே பிரித்து அச்சிடுவார்கள். நாங்கள் 88 மிகைப் பாடல்களை மூலத்தோடு கலந்து, ஒரே எழுத்தில் அச்சிட்டிருந்தோம்.

எடுத்த முடிவுகள்

கண்காட்சிக்கு ஓர் இரவுதான் மிச்சம். ஆண்டுவாரித் தரவைத் தேடி எடுக்கலாம் என்றார் மாணவி. நல்ல யோசனைதான், ஆனால் வேறு மூலத்தின் நாட்டுப் பெயர்களை எங்கள் தமிழ்ப் பட்டியலோடு பொருத்திச் சரிபார்க்க நேரமில்லை. அவசரத்தில் இன்னொரு பிழை நுழையும். ருவாண்டாவின் பெயரை மட்டும் எடுத்துவிடலாம் என்று மாணவர் சொன்னார். பெயரில்லாமலும் அதே குமிழி அதே பொய்யைச் சொல்லும் என்பதால் அதை ஏற்கவில்லை. அசைபடமே வேண்டாம், அச்சிட்ட படம் போதும் என்றும் பேசினோம். அந்தப் பக்கமும் வலுவான வாதம் உண்டு. போக்குகளை ஆராய்ந்து அறிவதில் அசைபடத்தைவிட அசையாத சிறு படங்களின் வரிசையே மேல் என்று 2008-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் வாசலில் நிற்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளையை உள்ளே இழுக்க அசைவு வேண்டும் என்றும் எங்களுக்குத் தோன்றியது.

கடைசியில், நிரப்பாத நகர்வு என்று முடிவானது. ஜிஜிஅனிமேட்டில் காலத்தைத் தொடர்ச்சியாக எடுக்கும் முறையை விட்டு, ஒவ்வொரு ஆண்டையும் அப்படியே காட்டும் கைமுறை மாற்றத்துக்கு வந்தோம். 12 பிரேம், நொடிக்கு ஒன்று. குமிழிகள் இனி வழுக்காது, தாவும்.

தாவினால் எது எங்கே போயிற்று என்று கண்ணால் பின்தொடர முடியாது. அதற்கு ஒரு சிறு தந்திரம் உதவியது. ஆண்டுப் பத்தி இல்லாத தரவை ஓர் அடுக்காகக் கொடுத்தால், ஜிஜிஅனிமேட் அதை எல்லா பிரேமிலும் அசையாமல் வைத்திருக்கும். பெயரிட்ட ஆறு நாடுகளின் பாதையையும் வெளிர் சாம்பல் கோடாக, பன்னிரண்டு சிறு புள்ளிகளோடு இப்படிப் பின்னணியில் போட்டோம். புள்ளி இருக்கும் இடத்தில்தான் குமிழி வந்து உட்காரும். அந்தக் கோடும் ஒருவகை நிரப்பல்தானே என்று மாணவி கேட்டார். ஆமாம்தான். கோட்டைப் புள்ளிக்கோடாக மாற்றினோம்.

தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ருவாண்டாவுக்கு மட்டும் தனிப் படம் ஒன்றை அச்சிட்டு ஒட்டினோம். பன்னிரண்டு புள்ளிகள், இணைக்கும் கோடு கிடையாது, 1994-க்கு நேரே ஒரு செங்குத்துக் கோடு. கீழே தமிழில் இரண்டு வரி விளக்கம். இரவு ஒரு மணிக்குப் படம் தயாரானது. தொலைக்காட்சியின் யுஎஸ்பி துளை ஜிஃப் கோப்பை அசையாத படமாகவே காட்டியதால் எம்பி4 ஆக மாற்றிக்கொண்டோம்.

கண்காட்சியில் நடந்தது

வழுக்கும் படத்தின் கவர்ச்சி தாவும் படத்துக்கு இல்லை. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு சக ஆசிரியர், "நேத்து நல்லா இருந்துச்சே, ஏன் இப்படி வெட்டி வெட்டி வருது? கம்ப்யூட்டர் ஸ்லோவா?" என்று கேட்டார். பள்ளிப் பிள்ளைகளும் அதே கேள்வியைத்தான் கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப்போய், தரவு எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கப்பட்டது, நடுவில் என்ன நடந்தது என்று நமக்கு எப்படித் தெரியும் என்றெல்லாம் பேச்சு நீண்டது. முதல் நாள் மாலைக்குள் மாணவர்கள் இருவருக்கும் தொண்டை கட்டிவிட்டது.

இரண்டாம் நாள் வரலாற்றுப் பேராசிரியர் திரும்பி வந்தார். படத்தை ஒரு சுற்று பார்த்துவிட்டு, "இப்ப 94-ஐயே காணோமே" என்றார். மாணவர் பக்கத்தில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வாசித்தார். "இதைத்தான் பெருசா போட்டிருக்கணும்" என்றார். அவர் சொன்னது சரி. திரையில் ஓடியது இப்போது பொய் சொல்லவில்லை, ஆனால் ருவாண்டாவைப் பற்றி உண்மையைச் சொன்னது கையகல அச்சுத் தாள்தான். அதற்கு முன்னால் நின்றவர்களைவிடத் தொலைக்காட்சிக்கு முன்னால் நின்றவர்களே அதிகம்.

அடுத்த முறை மாற்றுவது

பெயர் போடும் நாடுகளை முடிவு செய்ததும், அந்த நாடுகளில் அந்தக் காலத்தில் என்ன நடந்தது என்று ஒரு தாளில் ஆண்டோடு எழுதி, படத்தின் அருகே வைத்து ஒப்பிடுவோம். ருவாண்டாவை நாங்கள் தேர்ந்தெடுத்தது அதன் எண்ணுக்காக மட்டும். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. துறைக்கு வெளியே ஒருவர் ஒத்திகையைப் பார்க்க வேண்டும் என்பது இப்போது எங்கள் வழக்கம். முன்பு அது தற்செயலாக நடந்தது.

வழுக்கும் நகர்வு வேண்டும் என்றால் ஆண்டுவாரித் தரவை முதல் வாரமே திரட்ட வேண்டும். ஐந்தாண்டுத் தரவே கையில் இருந்தால், நிரப்பிய பிரேம்களில் குமிழியை வெளிறச் செய்து, அளந்த ஆண்டில் மட்டும் அழுத்தமான நிறத்தில் காட்டலாம் என்று மாணவி ஒரு வழி சொன்னார். ஒரு முறை செய்து பார்த்தோம், மின்மினி போல மினுக்கி மினுக்கிக் கண்ணை உறுத்தியது. அதை இன்னும் சரிசெய்யவில்லை.

ரவுண்டு செய்த அந்த வரியை நிரலிலிருந்து அழிக்கவில்லை, ஹாஷ் குறி போட்டு ஓடாமல் வைத்திருக்கிறோம். புதிதாக வரும் மாணவர்களுக்கு முதல் பயிற்சி அதுதான். அந்த நிரலில் குறியை நீக்கி ஓடவிட வேண்டும். தலைப்பில் எத்தனை ஆண்டுகள் வந்துபோகின்றன என்று எண்ண வேண்டும். 56 வரும். அதன்பின் கோப்பைத் திறந்து ஆண்டுப் பத்தியில் எத்தனை இருக்கின்றன என்று எண்ண வேண்டும்.